பொண்ணு கொண்டார்ற ரசம்

இல்லீங்க டாக்டரம்மா, தெரியலீங்க. குத்தறீங்களா, எடுத்துட்டீங்களான்னே தெரியலீங்க. இவத்தயும் இல்லீங்க. இன்னுங் கொஞ்சம் மேல வாங்க. ம், இப்பத் தெரியுதுங்க. கெண்டைக்காலுகிட்ட வந்தாத்தானுங்க என்ற காலுன்னே இருக்குது. அதுக்குக் கீள ரெண்டும் ஆரோ கழட்டிப் போட்ட செருப்பாட்டக் கெடக்குதுங்க.

குடிங்களா? ஆமாங்க. பொண்ணு சொன்னது நெசந்தானுங்க. பொழுது சாஞ்சா ஒரு குவாட்டரு. டெய்லியுந்தானுங்க.

அம்மணி, அந்த ரத்தம் பாத்த ரிசல்ட்டு மிச்சம் வந்துருச்சான்னு போயிக் கேட்டுட்டு வா சாமி. வராட்டி அங்கயே உக்காந்திரு, வாங்கிட்டே வந்துரு. நான் எங்க போயிருவன். போ.

ஏனுங்க, அந்தக் கதவச் சாத்திக்கலாமுங்களா? நர்சுப் புள்ளையும் வேண்டாமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு வெளிய கூட்டமிருக்குது, தெரியுதுங்க. சுருக்காச் சொல்லிப் போடறன்.

ஊசி ஏறுன கதை அவ சொல்லியிருப்பாளே? சொல்லலீங்களா. ஆயுத பூசைங்க. அவளும் மாப்பிள்ளையும் அவிநாசி ரோட்டுப் பக்கம் பவர்டேபிள் போட்டிருக்கறாங்க. தையல் மிசினுங்க, ஆளுகள வெச்சு பனியன் தெச்சுக் குடுக்கறது. பூசைக்கு வரச் சொன்னா, போனனுங்க. மிசினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வெச்சு பொரி கடலை குடுத்துட்டு இருந்தாங்க. நானும் செருப்ப வெளிய உட்டுப்போட்டு உள்ள அப்பிடியே சுத்தி வந்தனுங்க. கட்டிங் மாஸ்டரா இருந்தவனுங்களா, துணியக் கண்டா தொட்டுப் பாக்காம கை சும்மா இருக்காது. சித்த நேரங் கழிச்சுப் பாத்தா தரை முச்சூடும் செகப்புச் செகப்பா அடி. குங்குமத்தை ஆரோ மிதிச்சுட்டாங்கன்னு மாப்பிள்ளை சத்தம் போடறாரு. குங்குமமில்லீங்க. ஒடஞ்ச ஊசித் துண்டு என்ற குதிங்கால்ல நின்னுட்டு இருக்குது. நாம்பாட்டுக்குப் பொரி தின்னுட்டு நடந்துட்டிருக்கறன். அவதான் பாத்து அழுதா. கீள உக்காந்து என்ற கால மடில தூக்கி வெச்சுட்டு, பத்துப் பேரு பாக்கறாங்கன்னுகூட இல்லாம அழுதா. எனக்கு வலி இருந்திருந்தா நானும் அழுதிருக்கலாமுங்க. ஒண்ணுமில்ல. எனக்கென்னமோ வேற ஆரோட காலையோ பாத்து அழுகறாப்பல இருந்துச்சு.

நீங்க சக்கரையாலதான் மரத்துருக்கும்னு மொதல்ல நெனச்சீங்க. இப்ப அதுவும் கட்டுக்குள்ளதான் இருக்குதுங்கறீங்க. ஒரு வருசமாவே நல்லாத்தான் இருக்குதுங்களா? இருக்குமுங்க. அவதானுங்களே மாத்திரையெல்லாம் எடுத்துக் குடுக்கறா. அதான் குடிலதான் இப்பிடிக் கால் மரத்துப்போச்சுன்னு எழுதப் போறீங்க. எழுதறதுக்கு முன்னால இதக் கேட்டுருங்க.

எனக்கு ஊடு மங்கலம் ரோட்டுலீங்க. சொந்த ஊடு. நானுஞ் சம்சாரமும் இருந்தோம். நஞ்சம்மாள்னு பேரு. அவ போயி நாலஞ்சு வருசமாச்சு. வெடியால தண்ணி புடிச்சு வெச்சுட்டு வந்து கட்டல்ல சாஞ்சவதான், நான் காப்பி கேட்டுட்டே இருந்தனுங்க. அப்பறந்தான் போயித் தொட்டுப் பாத்தன். காரியமெல்லாம் முடிஞ்சதும் பொண்ணு, சுபஸ்ரீ, இப்ப வெளிய போனாளே அவதான், ஒரே புள்ளைங்க, என்னக் கூட்டிட்டுப் போறன்னுதான் சொன்னா. அவுங்க ரெண்டு ரூமு ஊட்டுல, மாமியாக்காரி வேற இருக்கறாங்க. பொண்ணு ஊட்டுல போயி எங்கீங்க உக்காருவன். எனக்கு நானே ஆக்கித் திங்கத் தெரியும், நீ போன்னு சொல்லிட்டன். தெரியாதுங்க. சோறு வெப்பன், தயிரு ஊத்திக்குவன். அவ்வளவுதான். தயிருக்கும் ஊறுகாய்க்கும் எத்தன நாளு மொகம் குடுக்க முடியும். கடைல பரோட்டா.

குடி அதுக்கு முன்னாலயே உண்டுங்க. கம்பெனில சனிக்கிழமை சம்பளம் வாங்குனா ஆளுகளோட சேந்து குடிக்கறது. அது வேற. சம்சாரம் போனதுக்கப்பறம் பொழுதோட பொழுதோட ஆச்சு. தவசின்னு ஒருத்தன் இருந்தானுங்க. விருதுநகர்ப் பக்கத்து ஆளு. சாயப்பட்டறைல வாட்ச்மேனா இருந்து வேலைய உட்டு நின்னவன். எங்க ஊட்டுக்குப் பின்னால லைன் ஊட்டுல ஒத்த ரூமெடுத்து இருந்தான். அவனும் தனி ஆளுதான். அவன் வாங்கிட்டு வருவான், இல்லாட்டி நான் வாங்கிட்டுப் போவன். டீவியப் போட்டு உட்டுட்டுக் குடிப்போம். ரெண்டு பேரும் பெருசா நாயமெல்லாம் பேசறதில்லீங்க. டீவில ஓடறதப் பத்தி எதாச்சும் சொல்லுவான். நான் ம்ங்குவன். கூட ஒரு ஆளு மூச்சு உடற சத்தம் கேக்கும்ல, அது போதுமுங்க.

மாத்திரைங்களா? இருந்துச்சுங்க. எனக்கு பிரசரு, சக்கரை, ராத்திரித் தூக்கத்துக்கு ஒண்ணு. அவனுக்கும் சக்கரைக்கு இருந்துச்சு. மாத்திரையோட குடிச்சா ஆவாதுன்னு ரெண்டு பேருத்துக்கும் தெரியும். அதுனால குடிக்கற அன்னிக்கு நான் மாத்திரை போடமாட்டன். ஆமாங்க, டெய்லியும் குடிச்சா டெய்லியும் போடறதில்ல, அதேதான். நீங்க சிரிக்கறீங்க. தவசி அப்பிடியில்ல. அதெல்லாம் ஒண்ணும் செய்யாதுண்ணே, அது அது பாட்டுக்கு வயித்துல ஒரு பக்கமா கெடந்துக்கிரும்னு சொல்லிட்டு மாத்திரையையும் முழுங்கிட்டுத்தான் குடிப்பான்.

ஒரு நா நான் பாத்ரூமுல உழுந்துட்டனுங்க. எந்திரிக்க முடியல. பால்காரன் வந்து கூப்புட்டுப் பாத்து, பக்கத்து ஊட்டுக்காரங்க கதவ ஒடச்சுத் தூக்குனாங்க. அன்னிக்குத்தான் பொண்ணுக்கு எல்லாந் தெரிஞ்சுது. பாட்டல் எத்தனை கெடந்துச்சுன்னு அவதான் கூட்டி அள்ளுனா. அழுதா, சத்தம் போட்டா, குடிய நிறுத்தற ஆஸ்பத்திரில சேத்தறன்னு காரக் கொண்டாந்து நிறுத்துனா. நான் வரமாட்டன்னு கட்டலப் புடிச்சுட்டன். எனக்கென்ன பைத்தியமான்னு கேட்டன். மாப்பிள்ளை சுரேந்தரு, அவரு தங்கமான மனுசனுங்க, உடு சுபா, அவுங்க வயசுக்கு இனி என்னன்னு சொல்லிட்டாரு. அவ காரத் திருப்பி அனுப்சிட்டா. அப்பறம் அவளும் போயிட்டா.

ஒரு வாரங் கழிச்சு டிபன் கேரியரோட வந்தாளுங்க.

ஆமாங்க, சோறு. வெடியால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. அவளே ஸ்கூட்டில கொண்டாருவா. அவிநாசி ரோட்டுல இருந்து மங்கலம் ரோட்டுக்கு அந்த டிராபிக்ல வாரதுன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். ஷிப்மெண்ட் டயமா இருந்தாலும் வந்துருவா. மேல நூல் பஞ்சு ஒட்டியிருக்கும், தலைல எல்லாம் வெள்ளையா, நரைச்ச மாதிரி. கொளம்பு, பொரியலு, ரசம். ரசம் மட்டும் தனியா ஒரு சின்னக் கிண்ணத்துல. அத மத்ததோட கலக்க உடமாட்டா. மொதல்ல இதக் குடிச்சுருங்கப்பா, சூடு ஆறிரும்பா. நாங் குடிக்கற வரைக்கும் என்ற வாயையே பாத்துட்டு உக்காந்திருப்பா. அப்பறந்தான் மத்தத எடுத்து வெப்பா.

எங்கம்மா போனதுக்கப்பறம் நாஞ் சாப்பிடறத ஆருமே பாத்துட்டு உக்காந்ததில்லீங்க. சம்சாரம் நல்லவதான். ஆனா தட்ட வெச்சுட்டுத் தண்ணி புடிக்கப் போயிருவா.

மொத வாரத்துலயே நடந்துச்சுங்க. சோறு தின்னுட்டுப் பொழுதோட தவசி ரூமுக்குப் போயி ஒரு ரவுண்டு ஊத்துனன். அது உள்ள போயிக் காமணி நேரம் இருக்காது, மொகமெல்லாம் தீயப் பத்த வெச்ச மாதிரி. கண்ணு செவந்து, நெஞ்சு இப்பிடி அடிக்குது, மூச்சு முட்டுது. வாந்தின்னா வாந்தி, கொடலே வந்துரும் போல. தவசி தலைல தண்ணிய ஊத்துனான். கள்ளச் சரக்காட்டன்னு நெனச்சோம். ஆனா அதே பாட்டல்ல குடிச்ச அவன் நல்லாத்தான் இருக்கறான். மறுக்கா மூணு நாளு கழிச்சு வேற சரக்கு வாங்கிக் குடிச்சன். அதே மாதிரி. அன்னிக்கு செத்தேன்னே நெனச்சனுங்க. செத்தாச் செரின்னு படுத்துட்டன்.

தவசிதான் கண்டு புடிச்சான். அண்ணே, ஒங்க மக சோத்துல மருந்து வைக்குதுண்ணே. எங்கக்கா மகனுக்குக் குடிய நிறுத்த இப்பிடித்தான் தெரியாம வச்சாங்க, அவனுக்கும் இதே மாதிரிதான் மூஞ்சி செவந்துச்சு, குடிச்சா ஆளையே தூக்கிரும்ணே. அந்தச் சோத்த இனி திங்காதீகன்னான். பத்தாததுக்கு, பெத்த புள்ளையே இப்பிடிச் செய்யுமான்னு வேற.

நான் மறுநா பாத்தனுங்க. அவ அடுப்பங்கரைக்குள்ள போயி கேரியரத் தொறக்கறா. பேப்பருல பொட்டலங் கட்டுன பொடி. கிண்ணத்துல போட்டு வெரலால கலக்குனா. கலக்கிப்போட்டு, அந்த வெரலச் சேலைல தொடச்சுட்டு, கொஞ்ச நேரம் அப்பிடியே செவுத்தப் பாத்து நின்னுட்டு இருந்தா. அப்பறம் மொகத்த மாத்திட்டு, வாங்கப்பான்னு வந்தா.

கேக்கலீங்க. என்னன்னு கேக்கறது. வாங்கிக் குடிச்சுட்டன்.

நீங்க எந்திரிக்காதீங்க, உக்காருங்க. அவளக் கூப்புடாதீங்க. என்ன மருந்துன்னு நீங்க கண்டு புடிச்சிருப்பீங்க. அதேதான் இருக்கும். பேரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எங்க வாங்குறான்னுந் தெரியாது. டாக்டரு சீட்டெல்லாம் இல்ல, ஆரோ சொல்லி ஆரோ குடுக்கறாங்க. ஒண்ணேகால் வருசம் இருக்குமுங்க. நடுவுல கொஞ்ச நாளு உட்டுப் போச்சு, அதச் சொல்றன். இன்னிக்கு வெடியாலயும் குடிச்சுட்டுத்தான் வந்தனுங்க. அது மாசக்கணக்காப் போனா கால் நரம்பத் திங்குங்களா. செரிங்க. அப்ப குடியில்ல, அதாலதானா. நானும் அப்பிடித்தான் இருக்குமோன்னு நெனச்சன். ஈரலையும் பாக்கோணுமா. பாருங்க.

என்னங்க? அந்த மருந்து உள்ள இருக்கறப்ப டெய்லி ஒரு குவாட்டரு குடிச்சா நான் இங்க உக்காந்து பேசிட்டு இருக்கமாட்டனா. ஆமாங்க. அது செரிதானுங்க.

நாங் குடிக்கறதில்லீங்க.

அன்னிக்கே உட்டுட்டனுங்க. அவ வெரலத் தொடச்சதப் பாத்தன் பாருங்க, அன்னியிலிருந்து. பெரிய வைராக்கியமெல்லாம் இல்லீங்க. ரசம் குடிச்சா சரக்கு குடிக்க முடியாது. சரக்கு வேணும்னா ரசத்த வேண்டாங்கோணும். ரசத்த வேண்டாம்னா அவ எதுக்கு வாரா. அவ்வளவுதான் கணக்கு. கொஞ்ச நாளைக்குக் கை நடுங்குச்சு, ராத்திரில வேர்த்துக் கொட்டுச்சு. அப்பறஞ் செரியாப் போச்சு. தவசி ரூமுக்குப் போறத நிறுத்திட்டன். போனா அவன் ஊத்துவான். வாசல்ல நின்னு கூப்புட்டான். மேலுக்குச் செரியில்லன்னு சொல்லி அனுப்சிட்டன். ரெண்டு தடவ அப்பிடிச் சொன்னன். அப்பறம் அவனும் கூப்புடறதில்ல.

அவன் செத்துட்டானுங்க. தனியாக் குடிச்சிருக்கறான். சக்கரை மாத்திரைய வழக்கமாட்ட முழுங்கிட்டு, ஒண்ணுந் திங்காமக் குடிச்சுட்டுப் படுத்துட்டான். வெடிஞ்சு வெகு நேரம் கதவு தொறக்காம இருந்துருக்குது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. சக்கரை அடியோட எறங்கி மூளைக்கு ஏறலீன்னாங்க. கண்ணத் தொறக்காமயே ஒரு வாரம் கெடந்தான். நான் போயிப் பாத்தனுங்க. பக்கத்துல உக்காந்திருந்தன். மூச்சு உடற சத்தம் மட்டுங் கேட்டுச்சு. முன்னெல்லாம் அவன் ரூமுக்குக் குடிக்கப் போறப்ப ரெண்டு போண்டாவோ அவிச்ச முட்டையோ வாங்கிட்டுப் போவன். அதத் திம்பான். இப்ப எனக்கு அதப் பத்தி அழுகையும் வரமாட்டீங்குது. காலு மட்டும் மரத்துச்சுன்னு சொல்லமுடியாதுங்க.

அப்பறம் என்னாச்சுன்னா, பொண்ணு கண்டுக்கிட்டா. நான் ஷேவிங் பண்ணிட்டு இருக்கறன், ஊடு நாத்தமில்லாம இருக்குது, பாட்டல் இல்ல. அப்பா, நல்லாயிட்டீங்கப்பான்னு சொன்னா. அவ மொகத்துல அப்பிடியொரு வெளிச்சத்த அவ கண்ணாலத்துலகூட நாம்பாக்கல. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு.

அந்த வாரத்துலயே வெடியாலச் சோறு நின்னு போச்சுங்க. இட்லி மாவு கொடுத்துட்டுப் போனா. பொழுதோடச் சோத்த அவுங்க பவர்டேபிள்ல வேலை செய்யற ஒரு வடநாட்டுப் பையன் கொண்டாந்து கேட்டுல மாட்டிட்டு, அங்கிள்னு ஒரு சத்தங் குடுத்துட்டுப் போயிருவான். அதுல ரசமில்ல. அப்பறம் அதுவுமில்ல. ஞாயித்துக்கிழமை வாரன்ப்பான்னா. ஆர்டர் நெறைய, மாப்பிள்ளைக்கும் மேலுக்கு முடியல, பேத்திக்குப் பரீச்சை. பொய்யில்லீங்க, எல்லாம் நெசந்தான். அவளப் பாத்தாப் பாவமாத்தான் இருக்கும். வாய உட்டுக் கேட்டா வராம இருக்கமாட்டா. ரெண்டு நாளைக்கு ஓடியாருவா. அப்பறம்? நல்லா இருக்கறவனுக்கு ஆருங்க சோறு கொண்டாருவாங்க.

மூணு ஞாயித்துக்கிழமை அவளால வர முடியல. அடுத்த திங்கக்கிழமை கடைக்குப் போனனுங்க.

குடிக்கலீங்க. வாங்கிட்டு வந்து வாயக் கொப்பளிச்சுத் துப்புனன். சட்டைல கொஞ்சம் ஊத்திக்கிட்டன். மிச்சத்தத் தொட்டில கொட்டிட்டு, பாட்டல டீவிக்குப் பக்கத்துல வெச்சன். அப்பறம் அவளுக்குப் போனப் போட்டு, கொளறிக் கொளறி எதையோ பேசுனன். எப்பிடிக் கொளறோணும்னு எனக்குத் தெரியாதுங்களா.

மறுநா வெடிய முன்னால கேரியரோட வந்து நிக்கறா. கண்ணு வீங்கியிருக்குது. கிண்ணத்த எடுத்து வெச்சு, இதக் குடிங்கப்பான்னா. எதுத்தாப்புல உக்காந்து பாத்துட்டு இருந்தா.

அப்ப இருந்து அப்பிடித்தானுங்க. வாரத்துல ஒருக்கா பாட்டல் வாங்கி வெக்கறன். கொப்பளிக்கறப்பவே மொகஞ் செவந்து நெஞ்சு அடிக்கும், அந்த மருந்து உள்ள இருக்குதுல்லங்களா. அதுவும் நல்லதாப் போச்சு, அவ பாத்தா நம்பிருவா. இவ்வளவு மருந்து குடுத்தும் கேக்கலையேன்னுதான் நெனச்சிருப்பா. கொஞ்ச நாளாப் பொடி முன்னயவிட எச்சாப் போடறாளுங்க. ரசம் கசக்குது. இன்னிக்கு ரசம் அருமைன்னு சொல்லிருவன்.

நிறுத்தியே ஆகோணுமா. இனி ஒருநாளைக்குக்கூடக் குடிக்கக் கூடாதுங்களா. செரிங்க, நீங்க படிச்சவங்க, உங்க பேச்ச மீறமாட்டன். காலு திரும்புமா திரும்பாதான்னு நாங் கேக்கல. ஆனா அவகிட்ட உன்னாலதான் உங்கப்பனுக்குக் கால் போச்சுன்னு சொல்லீறாதீங்க. அவ தாங்கமாட்டா. நாங் குடிக்கறதில்லன்னும் சொல்லீறாதீங்க.

நானொரு ரோசனை சொல்றன், கேக்கறீங்களா. நரம்புக்குச் சத்து மாத்திரை எழுதப் போறீங்கல்லங்க, அது பொடி பண்றாப்பல இருக்குதுங்களா? இருக்குதுல்ல. அப்பச் செரி. அவள உள்ள கூப்புட்டு, என்னய வெளிய போகச் சொல்லுங்க. நாம்போனதும், நீ போடறது எனக்குத் தெரியும் அம்மணி, அது பழைய மருந்து, இது புதுசு, அதவிட நல்லா வேல செய்யும், இதப் பொடி பண்ணி ரசத்துல கலந்து குடுன்னு சொல்லுங்க. அப்பனுக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லுங்க. வெடியால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. ஆளுககிட்டக் குடுத்து உட்டாச் சேராது, நீயே கொண்டு போயி எதுத்தாப்புல உக்காந்து, அவுங்க குடிச்சு முடிக்கற வரைக்கும் பாத்துட்டு இருக்கோணும்னு சொல்லுங்க.